வெளிநாட்டில் தன்பாலினத் திருமணம்: எந்தப் பதிவு, எங்கே செல்லும்?

2025 ஜனவரி 23 அன்று தாய்லாந்தின் திருமணச் சமத்துவச் சட்டம் நடைமுறைக்கு வந்தது. முதல் நாளிலேயே 1,800க்கும் மேற்பட்ட தன்பாலின இணையர் தங்கள் திருமணத்தைப் பதிந்துகொண்டனர். சென்னையிலிருந்து நான்கு மணி நேரத்துக்குள் சென்று சேரக்கூடிய ஒரு நாட்டில் இது நடந்ததால், அங்கே போய்த் திருமணம் செய்துகொண்டு, அப்படியே ஃபூக்கெட்டிலோ சமுய் தீவிலோ தேனிலவையும் முடித்துத் திரும்பலாமா என்ற கேள்வி தமிழ் பேசும் இணையர் பலரிடம் இயல்பாகவே எழுந்தது. பயண முகவர்களும் கடற்கரை விடுதிகளும் இதற்கென்றே திட்டங்களை விற்கின்றன. அந்தத் திட்டங்களின் விலைப்பட்டியலில் பூ அலங்காரம், புகைப்படக்காரர், இரவு விருந்து எல்லாம் தெளிவாக இருக்கும். கையில் கிடைக்கும் தாள் சட்டத்தின் கண்ணில் என்ன மதிப்புடையது என்ற ஒரு வரி மட்டும் பெரும்பாலும் இருக்காது.

குழப்பத்தின் வேர், 'திருமணம்' என்ற ஒரே சொல்லை மூன்று வெவ்வேறு செயல்களுக்குப் பயன்படுத்துவதில் இருக்கிறது. அவற்றைப் பிரித்துக்கொண்டால் எந்த நாட்டைத் தேர்வது, எந்த வரிசையில் திட்டமிடுவது என்பதெல்லாம் பெரிதும் எளிதாகிவிடும்.

விழா, பதிவு, ஏற்பு

1. விழா என்பது உற்றார் முன்னிலையில் நடக்கும் சடங்கு. கடற்கரையில் மாலை மாற்றுவதும், தாலி கட்டுவதும், உறுதிமொழி சொல்வதும் இதில் அடங்கும். வெளிநாட்டில் இது பெரும்பாலும் அடையாள விழாதான்.

2. பதிவு என்பது அந்த நாட்டு அரசின் அலுவலர் திருமணத்தைச் சட்டப்படி பதிந்து சான்றிதழ் தருவது.

3. ஏற்பு என்பது, ஒரு நாட்டில் பதியப்பட்ட திருமணத்தை மற்றொரு நாடு திருமணமாக ஒப்புக்கொள்வது. இது எல்லா நோக்கங்களுக்கும் சேர்ந்தே கிடைக்கும் என்பதில்லை. விசாவுக்கு ஏற்கும் நாடு, வாரிசுரிமைக்கு ஏற்காமல் போகலாம்.

முதல் இரண்டின் உறவை நாம் தலைகீழாகப் புரிந்துகொள்ள வாய்ப்புண்டு. இந்து திருமணச் சட்டத்தின்படி சடங்கே திருமணத்தை உண்டாக்குகிறது. பதிவு அதற்குச் சான்று மட்டுமே. சடங்கு எதுவும் நடக்காமல் பெற்ற பதிவுச் சான்றிதழால் மட்டும் திருமணம் உண்டாகிவிடாது என்று உச்ச நீதிமன்றம் 2024 ஏப்ரலில் தீர்ப்பளித்தது. தமிழ்நாட்டுச் சுயமரியாதைத் திருமணங்களுக்கு இடமளிக்கும் 7அ பிரிவிலும், மாலையோ மோதிரமோ மாற்றுவது, தாலி அணிவிப்பது, அல்லது ஒருவரையொருவர் துணையாக ஏற்பதாக அறிவிப்பது ஆகிய செயல்களில் ஏதேனும் ஒன்றுதான் திருமணத்தை முழுமையாக்குகிறது. தாய்லாந்தில் நிலைமை நேர் எதிர். அந்நாட்டு உரிமையியல் மற்றும் வணிகச் சட்டத் தொகுப்பின் 1457ஆம் பிரிவின்படி, பதிவு செய்தால் மட்டுமே திருமணம் நிறைவுபெறும். முந்நூறு பேர் சூழ, மேளதாளத்தோடு மணல்வெளியில் நடந்த விழாவுக்கு அங்கே சட்டத்தில் எந்த இடமும் இல்லை. வட்ட அலுவலகத்தின் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து போடும் கையெழுத்துதான் திருமணம்.

தாய்லாந்துச் சட்டம் என்ன மாற்றியது?

2024 ஜூன் 18 அன்று தாய்லாந்தின் மேலவை இந்தச் சட்டத்தை நிறைவேற்றியது. அதே ஆண்டு செப்டம்பர் 24இல் அது அரசிதழில் வெளியாகி, 120 நாட்களுக்குப் பின் நடைமுறைக்கு வந்தது. புதிதாக ஒரு தனி ஏற்பாட்டை உருவாக்காமல், ஏற்கெனவே இருந்த தொகுப்பில் 'ஆண், பெண்', 'கணவன், மனைவி' என்று வந்த இடங்களில் 'நபர்கள்', 'துணைவர்கள்' என்ற சொற்களை இட்டார்கள். திருமண வயது 17இலிருந்து 18ஆக உயர்ந்தது. சொத்து, வாரிசுரிமை, தத்தெடுப்பு, மருத்துவ ஒப்புதல் ஆகியவை எல்லா இணையருக்கும் ஒரே விதிகளின் கீழ் வந்தன. தென்கிழக்கு ஆசியாவில் முதல் நாடாகவும், ஆசிய அளவில் தைவானுக்கும் நேபாளத்துக்கும் அடுத்ததாகவும் தாய்லாந்து இதைச் செய்தது.

வெளிநாட்டவர் இருவர் அங்கே பதிந்துகொள்ள விரும்பினால் நடைமுறை ஏறக்குறைய இப்படி அமையும்:

1. இருவரும் தத்தம் நாட்டுத் தூதரகத்தில், தாம் மணமாகாதவர், மணந்துகொள்ளத் தடையில்லாதவர் என்ற உறுதிமொழி ஆவணத்தைப் பெற வேண்டும்.

2. அந்த ஆவணத்தைத் தாய் மொழியில் பெயர்த்து, வெளியுறவு அமைச்சகத்தின் தூதரக விவகாரத் துறையில் சான்றொப்பம் பெற வேண்டும். பாங்காக்கில் சேங் வத்தனா சாலையில் உள்ள அலுவலகம் இதற்குப் பெயர்பெற்றது.

3. பிறகு கடவுச்சீட்டு, நாட்டினுள் நுழைந்த முத்திரையின் நகல், சாட்சிகள் இருவர், தேவையெனில் மொழிபெயர்ப்பாளர் ஆகியோருடன் வட்ட அலுவலகத்துக்குச் செல்ல வேண்டும். மாநிலங்களில் அதை அம்ஃபோ என்றும், பாங்காக்கில் கெட் என்றும் அழைப்பார்கள். பாங்காக்கின் பாங் ரக் வட்டத்தின் பெயரில் உள்ள 'ரக்' என்ற ஒலி தாய் மொழியில் காதலைக் குறிப்பதால், காதலர் நாளன்று அங்கே கூட்டம் அலைமோதும்.

மூன்று படிகளில் முதற்படியில்தான் இடறல் இருக்கிறது. தூதரகம் என்பது சொந்த நாட்டின் கை. தன் சட்டத்தில் இல்லாத ஒரு திருமணத்துக்காகத் 'தடையில்லை' என்று எழுதித்தரும்படி ஓர் அரசிடம் கேட்பதாக இது ஆகிவிடுகிறது. கனடாவிலோ பிரிட்டனிலோ குடியுரிமை பெற்ற தமிழ் இணையருக்கு இது சிக்கலே இல்லை. இந்தியக் கடவுச்சீட்டோ மலேசியக் கடவுச்சீட்டோ வைத்திருப்பவருக்கு, விமானச் சீட்டு எடுக்குமுன் முதலில் எழுத்து வடிவில் விடை பெறவேண்டிய கேள்வி இதுவே.

இதற்குப் பின்னால் வெறும் அலுவலக வழக்கம் மட்டும் இல்லை. சட்டங்களுக்கிடையிலான முரண்பாடு குறித்துத் தாய்லாந்து 1938இல் இயற்றிய சட்டத்தின் 19ஆம் பிரிவு, திருமணத்துக்கான தகுதிகளை ஒவ்வொருவரின் தேசியச் சட்டமே தீர்மானிக்கும் என்கிறது. திருமணச் சமத்துவச் சட்டம் திருத்தியது உரிமையியல் மற்றும் வணிகச் சட்டத் தொகுப்பை. 1938இன் இந்த விதி அப்படியே நிற்கிறது. விடுதிகளின் விளம்பரத் தாள்களில் இந்தப் பிரிவைப் பார்க்க முடியாது.

நடக்கும் இடத்துச் சட்டமா, நபரின் சொந்தச் சட்டமா?

உலக நாடுகள் இந்தக் கேள்விக்கு இரண்டு விதமாக விடை தருகின்றன. சில நாடுகள் திருமணம் நடக்கும் இடத்தின் சட்டத்தை மட்டுமே பார்க்கின்றன. வேறு சில, மணமக்களின் தாய்நாட்டுச் சட்டத்தையும் சேர்த்துப் பார்க்கின்றன. இரண்டாம் வகை நாடு எவ்வளவு முற்போக்கான சட்டம் வைத்திருந்தாலும் நம்மவருக்குப் பயன்படாமல் போகலாம்.

தைவான் இதற்குச் சிறந்த எடுத்துக்காட்டு. 2019 மே 24இல் ஆசியாவிலேயே முதலாவதாகத் தன்பாலினத் திருமணத்தைச் சட்டமாக்கிய அந்நாட்டில், ஒருவர் தைவானியராகவும் மற்றவர் வெளிநாட்டவராகவும் இருந்தால், அந்த வெளிநாடும் இத்தகைய திருமணத்தை ஏற்றிருக்க வேண்டும் என்ற நிலை 2023 ஜனவரி வரை நீடித்தது. அதனால் ஜப்பானியரை மணக்க முடியாது, கனடியரை மணக்கலாம் என்ற விந்தை உண்டாயிற்று. நீதிமன்ற வழக்குகள் அடுத்தடுத்து வந்தபின் உள்துறை அமைச்சகம் அந்தத் தடையை நீக்கியது.

பிரான்ஸ் 2013இல் சட்டமியற்றும்போதே இந்தச் சிக்கலை முன்கூட்டிப் பார்த்து, இருவரில் ஒருவரின் சொந்தச் சட்டமோ அவர் வசிக்கும் நாட்டின் சட்டமோ அனுமதித்தால் போதும் என்று எழுதிக்கொண்டது. ஆனால் அங்கே திருமணம் நடக்கும் நகராட்சியோடு வசிப்பிடத் தொடர்பு காட்ட வேண்டும் என்பதால், பாரிஸுக்கு ஒரு வாரச் சுற்றுலா போய்வருபவருக்கு அது உதவாது. ஸ்பெயினும் இருவரில் ஒருவரேனும் அங்கே வசிப்பவராக இருக்க வேண்டும் என்று எதிர்பார்க்கிறது.

வசிப்பிடமும் கேட்காமல், தாய்நாட்டுச் சட்டத்தையும் தடையாகக் கொள்ளாமல் பதிந்துதரும் இடங்களில் நம்மவருக்கு எட்டக்கூடியவை சில:

1. டென்மார்க். 1989 அக்டோபர் 1இல் தன்பாலின இணையரின் உறவைப் பதிய உலகிலேயே முதலில் வழிவகுத்த நாடு இது. முழுத் திருமண உரிமை 2012இல் வந்தது. வெளிநாட்டு இணையரின் விண்ணப்பங்களைக் குடும்பச் சட்ட முகமை என்ற ஒரே மைய அலுவலகம் 2019 முதல் பரிசீலிக்கிறது. அது தரும் ஒப்புதல் நான்கு மாதம் செல்லும். விசாவுக்கான போலித் திருமணமா என்பதை அது கவனமாக ஆராயும் என்பதால், உறவு எவ்வளவு காலமானது என்பதற்கான சான்றுகளைச் சேர்த்து வைத்துக்கொள்ள வேண்டும். ஏரோ என்ற சிறு தீவு வெளிநாட்டவர் திருமணங்களுக்காகவே பெயர்பெற்றுவிட்டது. இந்தியர்க்கு ஷெங்கன் விசா தேவை.

2. அமெரிக்காவின் நெவாடா. லாஸ் வேகஸ் அமைந்துள்ள கிளார்க் மாவட்டத்தின் திருமண உரிம அலுவலகம் விடுமுறை நாட்களிலும் காலை 8 மணி முதல் நள்ளிரவு வரை திறந்திருக்கும். காத்திருப்புக் காலம் கிடையாது, தூதரக ஆவணம் கிடையாது. இருவரும் அடையாள ஆவணத்தோடு நேரில் வந்தால் போதும்.

3. நியூஸிலாந்து. 2013 ஆகஸ்ட் 19 முதல் அனுமதி உண்டு. விண்ணப்பித்தபின் குறைந்தது மூன்று நாள் காத்திருக்க வேண்டும். உரிமம் மூன்று மாதம் செல்லும்.

4. ஆஸ்திரேலியா. 2017 டிசம்பர் 9 முதல். ஒரு மாதத்துக்குமுன் அறிவிப்புப் படிவம் தர வேண்டும் என்பது மட்டுமே பெரிய நிபந்தனை.

நேபாளம் நமக்கு மிக அருகில் இருந்தாலும் அதன் நிலை வேறு. 2023 ஜூன் 27இல் அந்நாட்டு உச்ச நீதிமன்றம் பிறப்பித்த இடைக்கால ஆணையின் பேரில், லம்ஜுங் மாவட்டத்தில் அதே ஆண்டு நவம்பரில் முதல் திருமணம் பதியப்பட்டது. அங்கு நடப்பவை தற்காலிகப் பதிவேட்டில் ஏறுபவை. அந்நாட்டவருக்கு அது பெரிய வெற்றி; வெளியிலிருந்து போகும் இணையர் நம்பிச் செல்லும் அளவுக்கு அது இன்னும் உறுதிப்படவில்லை.

அப்போஸ்டில் முத்திரை எதைச் சொல்கிறது, எதைச் சொல்லவில்லை

சான்றிதழோடு 'அப்போஸ்டில்' வாங்கிவிட்டால் எங்கும் செல்லும் என்பது பரவலான தவறான எண்ணம். 1961ஆம் ஆண்டின் ஹேக் உடன்படிக்கையின்படி ஒட்டப்படும் அந்தச் சான்று, தாளில் உள்ள கையெழுத்தும் முத்திரையும் உண்மையானவை என்பதை மட்டுமே உறுதிசெய்கிறது. உள்ளே எழுதியிருக்கும் திருமணம் இன்னொரு நாட்டில் செல்லுமா என்பது பற்றி அது வாயே திறப்பதில்லை. இந்தியா 2005 முதல் அந்த உடன்படிக்கையில் இருக்கிறது. ஆகவே டென்மார்க்கின் சான்றிதழை இந்திய அலுவலர் உண்மையான ஆவணம் என்று ஏற்றுக்கொண்டே, அதில் உள்ள திருமணத்தை ஏற்க மறுக்கலாம். இரண்டிலும் அவர் சட்டப்படியே நடந்துகொண்டவராகிறார்.

இந்தியாவுக்குத் திரும்பியபின்

2018 செப்டம்பர் 6இல் உச்ச நீதிமன்றம் வயதுவந்தோரின் இசைவான தன்பாலின உறவைக் குற்றப் பட்டியலிலிருந்து நீக்கியது. குற்றமில்லை என்பதும், திருமணம் என்பதும் வேறு வேறு. 2023 அக்டோபர் 17இல் ஐந்து நீதிபதிகள் அமர்வு, மணந்துகொள்ளும் அடிப்படை உரிமை என ஒன்று அரசமைப்பில் இல்லை என்று ஒருமனதாகவும், இணைவாழ்வுக்குச் சட்ட ஏற்பு கோரும் உரிமை இல்லை என்று மூவருக்கு இருவர் என்ற கணக்கிலும் தீர்ப்பளித்தது. மறுஆய்வு மனுக்கள் 2025 ஜனவரி 9இல் தள்ளுபடியாயின.

வெளிநாட்டில் மணந்தோரை நேரடியாகத் தொடுவது 1969ஆம் ஆண்டின் அயல்நாட்டுத் திருமணச் சட்டம். இந்தியர் வெளிநாட்டில் செய்துகொள்ளும் திருமணங்களைத் தூதரகத்தில் நடத்தவும் பதியவும் வழிசெய்யும் அந்தச் சட்டம், மணமகனுக்கு 21 வயது, மணமகளுக்கு 18 வயது என்று பேசுகிறது. இரு மணமகன்களுக்கோ இரு மணமகள்களுக்கோ அதில் இடம் வைக்கப்படவில்லை. எனவே வெளிநாட்டில் முறையாகப் பதிந்து திரும்பிய இணையர், மீனம்பாக்கத்தில் இறங்கியதும் சட்டத்தின் முன் மணமாகாத இருவராகிறார்கள். நடைமுறையில் இதன் பொருள்:

1. ஒருவர் உயில் எழுதாமல் இறந்தால் மற்றவருக்கு வாரிசுரிமை இல்லை. சொத்து பெற்றோருக்கோ உடன்பிறந்தாருக்கோ போகும்.

2. கூட்டாகத் தத்தெடுக்க முடியாது.

3. இருவரில் ஒருவர் வெளிநாட்டவர் எனில், இந்தியக் குடிமகனின் துணைவருக்கு உரிய கடல்கடந்த இந்தியக் குடிமகன் அட்டையைப் பெறுவது சிக்கல். குடியுரிமைச் சட்டத்தின் 7அ பிரிவு பதிவுபெற்ற, இரண்டாண்டு நீடித்த திருமணம் என்று மட்டுமே சொல்கிறது. ஆண், பெண் என்று சொல்லவில்லை. அந்தச் சொற்களை வைத்தே டெல்லி உயர் நீதிமன்றத்தில் வழக்குத் தொடுக்கப்பட்டது.

4. கடவுச்சீட்டில் துணைவர் பெயருக்கான இடம் வெறுமையாக இருக்கும். அதே நபர் அமெரிக்க விசாவுக்கு விண்ணப்பிக்கும்போது, அந்நாட்டுச் சட்டப்படி தாம் மணமானவர் என்று எழுதியாக வேண்டும். இரண்டு அரசுகளிடம் இரண்டு விதமாகச் சொல்வதாக இது தோன்றினாலும், இரண்டும் உண்மைதான். 'யாருக்குத் தெரியப்போகிறது' என்று விசாப் படிவத்தில் மணமாகாதவர் எனக் குறிப்பதுதான் பொய்.

நான்காவது வரியின் நிழலில் இன்னொன்று இருக்கிறது. வீட்டாரின் வற்புறுத்தலால் பின்னாளில் ஊரில் எதிர்பாலினத்தவரோடு மணம் முடித்துவைக்கப்படும் ஒருவர், இந்தியச் சட்டப்படி முதல்முறை மணப்பவர். முதல் திருமணம் நடந்த நாட்டின் சட்டப்படி இருமணக் குற்றத்துக்கு உள்ளாகக்கூடியவர்.

அரசு முழுக் கதவையும் அடைத்துவிட்டது என்றும் சொல்ல முடியாது. 2024 ஆகஸ்டில் ஒன்றிய நிதி அமைச்சகம், தன்பாலின இணையர் கூட்டு வங்கிக் கணக்கு தொடங்கவும் ஒருவரையொருவர் நியமனதாரராகக் குறிக்கவும் தடையில்லை என்று தெளிவுபடுத்தியது. குடும்ப அட்டையில் ஒரே குடும்பமாகக் கருதலாம் என்ற அறிவுறுத்தலும் மாநிலங்களுக்குச் சென்றது. சென்னை உயர் நீதிமன்றம் இன்னும் சற்று முன்னே நடக்கிறது. நீதிபதி ஆனந்த் வெங்கடேஷ் 2023 நவம்பரில் 'குடும்ப உறவு ஆவணம்' என்ற ஏற்பாட்டைப் பரிசீலிக்குமாறு தமிழ்நாடு அரசிடம் சொன்னார். 2025 மே மாதத்தில் நீதிபதிகள் ஜி.ஆர். சுவாமிநாதன், வி. லட்சுமிநாராயணன் அமர்வு, திருமணம் ஒன்றே குடும்பம் அமைக்கும் வழியன்று என்று கூறி, தேர்ந்தெடுத்த குடும்பம் என்ற கருத்தை ஏற்றது. ஆகவே இந்தியாவில் வாழப்போகும் இணையருக்கு வெளிநாட்டுச் சான்றிதழைவிட, முறையாக எழுதிய உயிலும், மருத்துவ முடிவுகளுக்கான அதிகார ஆவணமும், நியமனதாரர் பதிவும் அன்றாடம் கைகொடுப்பவை. விழாவின் மொத்தச் செலவோடு ஒப்பிட்டால் இவற்றுக்கு ஆகும் செலவு மிகச் சிறியது. ஆயினும் திட்டப் பட்டியலில் இவை கடைசியில்தான் வருகின்றன, அல்லது வருவதே இல்லை.

இருவரில் ஒருவர் திருநர் என்றால் கணக்கே மாறிவிடுகிறது. 2019 ஏப்ரலில் சென்னை உயர் நீதிமன்றம், இந்து திருமணச் சட்டத்தில் வரும் மணமகள் என்ற சொல் திருநங்கையையும் குறிக்கும் என்று தீர்ப்பளித்தது. எதிர்பாலின உறவில் உள்ள திருநர்க்கு இருக்கும் சட்டங்களின் கீழேயே மணக்கும் உரிமை உண்டு என்பதை 2023 தீர்ப்பும் உறுதிசெய்தது. அத்தகைய இணையர் கடல் கடக்கவே தேவையில்லாமல் போகலாம்.

வேறு நாட்டில் வாழ்வோருக்கு அதே தாள் தரும் பயன்

சென்னையில் செல்லாத அதே சான்றிதழ், நியூ ஜெர்சியில் முழு வலிமை பெறுகிறது. குடிவரவு நோக்கங்களுக்கு அமெரிக்கா திருமணம் நடந்த இடத்துச் சட்டத்தை மட்டுமே பார்க்கிறது. 2013 முதல் தன்பாலின இணையருக்கும் இதே அளவுகோல். எச்-1பி விசாவில் வேலை பார்ப்பவர், டென்மார்க்கிலோ நெவாடாவிலோ மணந்த தம் துணைவரை எச்-4 விசாவில் அழைத்துக்கொள்ளலாம். இருவரும் இந்தியராக இருப்பது அதற்குத் தடையில்லை. இந்தியாவில் விழா மட்டும் நடத்திய இணையருக்கு இந்த வாய்ப்பு இல்லை. 'வெளிநாட்டுத் திருமணம் வெறும் காகிதம்' என்று சொல்வோர் தவறவிடும் இடம் இதுவே.

பிரிட்டனின் 2013ஆம் ஆண்டுச் சட்டமும், ஆஸ்திரேலியாவின் 2017 திருத்தமும் பிற நாடுகளில் முறையாக நடந்த தன்பாலினத் திருமணங்களை ஏற்கின்றன. கனடா ஏற்பதோடு, மணக்கவே இயலாத நாட்டில் சிக்கியிருக்கும் துணைவருக்கெனத் தனி வகையையும் தன் குடிவரவு விதிகளில் வைத்திருக்கிறது. ஐரோப்பிய ஒன்றியத்துக்குள், பெர்லினில் 2018இல் மணந்த இரு ஆண்களின் திருமணத்தைப் போலந்து ஏற்றாக வேண்டும் என்று ஒன்றிய நீதிமன்றம் 2025 நவம்பரில் தீர்ப்பளித்தது.

சிங்கப்பூர் வேறு திசையில் நிற்கிறது. ஆண்களின் தன்பாலின உறவைக் குற்றமாக்கிய 377ஏ பிரிவு 2023 ஜனவரி முதல் அங்கே இல்லை. ஆனால் ஆணும் பெண்ணும் அல்லாத இருவரின் திருமணம் சிங்கப்பூரில் நடந்தாலும் 'வேறெங்கு' நடந்தாலும் செல்லாது என்று அந்நாட்டின் திருமணச் சட்டமான மாதர் சாசனம் வெளிப்படையாகவே எழுதிவைத்திருக்கிறது. சிங்கப்பூர்த் தமிழ் இணையர் பாங்காக்கில் பதிந்துகொள்வதால் சிங்கப்பூரில் எதுவும் மாறாது.

தேனிலவுக்குப் போகும் நாட்டின் சட்டம்

திருமணம் நடக்கும் நாட்டைப் பற்றி இவ்வளவு ஆராயும் இணையரும், தேனிலவு நாட்டைப் படங்களைப் பார்த்தே முடிவு செய்துவிடுகிறார்கள். தமிழ்நாட்டிலிருந்து தேனிலவு என்றாலே நினைவுக்கு வரும் மாலத்தீவில் தன்பாலின உறவு குற்றம். எட்டு ஆண்டு வரை சிறையும் கசையடியும் விதிக்கச் சட்டத்தில் இடமுண்டு. தன்பாலினத் திருமணம் செய்துகொள்வதே தனிக் குற்றமாகவும் அங்கே இருக்கிறது. விடுதித் தீவுகளில் பொதுவாக யாரும் கேட்பதில்லை என்பது உண்மை. ஆனால் விடுதியின் கண்டுகொள்ளாமை சட்டப் பாதுகாப்பு ஆகாது.

மலேசியாவில் இருபது ஆண்டு வரை சிறையும் பிரம்படியும் விதிக்க இயலும். இலங்கையில் தண்டனைச் சட்டக்கோவையின் 365, 365அ பிரிவுகள் இன்னும் நீக்கப்படவில்லை. அவற்றை நீக்கும் தனிநபர் மசோதா அரசமைப்புக்கு முரணானதன்று என்று உச்ச நீதிமன்றம் 2023 மே மாதத்திலேயே சொல்லிவிட்டது, நாடாளுமன்றம்தான் நிறைவேற்றவில்லை. பாலித் தீவை எண்ணுவோர், இந்தோனேசியாவின் புதிய தண்டனைச் சட்டம் 2026 ஜனவரி 2 முதல் திருமணத்துக்கு வெளியேயான உறவைக் குற்றமாக்குகிறது என்பதைக் கவனிக்க வேண்டும். துணைவரோ பெற்றோரோ பிள்ளைகளோ புகார் தந்தால்தான் வழக்கு என்பது அதன் வரம்பு. வெளிநாட்டுச் சான்றிதழை இந்தோனேசியா திருமணமாகக் கொள்வதில்லை என்பது அதன் மறுபக்கம்.

ஆறுதலான பெயர்களும் உண்டு. செஷல்ஸ் 2016இலும், மொரீஷியஸ் 2023 அக்டோபரில் உச்ச நீதிமன்றத் தீர்ப்பின் வழியாகவும் குற்றத் தன்மையை நீக்கின. வியட்நாம் திருமணமாக ஏற்பதில்லை, தடை செய்வதுமில்லை. கிரீஸ் 2024 பிப்ரவரியில் திருமண உரிமையையே வழங்கியது. கரீபியத் தீவுகளுள் அரூபாவுக்கும் குராசவோவுக்கும் நெதர்லாந்து உச்ச நீதிமன்றம் 2024 ஜூலையில் இந்த உரிமையை உறுதிப்படுத்தியது. அதே கடற்பரப்புக்கு வடக்கே பெர்முடாவில் 2017இல் வந்த உரிமை, 2022 மார்ச்சில் லண்டன் பிரிவி கவுன்சிலின் தீர்ப்போடு பறிபோயிற்று.

விமானம் மாறும் ஊரும் கணக்கில் சேரும். துபாயிலும் தோஹாவிலும் நிலையத்துக்கு உள்ளேயே இருந்து அடுத்த விமானம் பிடிப்பது ஒன்று. விமானம் ரத்தாகி ஒரே அறையில் இரவு தங்க நேர்வது வேறொன்று.

உள்ளே போவது எளிது, வெளியே வருவது?

திருமணம் முறிந்தால் என்ன செய்வது என்று மணநாளுக்கு முன்பே பேசுவதை நம் வீடுகளில் அபசகுனம் என்பார்கள். வெளிநாட்டில் பதியும் தன்பாலின இணையர் அதைப் பேசாமல் இருக்க முடியாது. இந்தியா ஏற்காத திருமணத்தை இந்திய நீதிமன்றம் கலைத்துத் தரவும் முடியாது. பதிந்த நாட்டின் நீதிமன்றமோ, மணப்பதற்குக் கேட்காத வசிப்பிடத்தை மணவிலக்குக்குக் கேட்கும். நெவாடாவில் ஒரே மாலைப்பொழுதில் மணந்துகொள்ளலாம். அங்கேயே மணவிலக்குப் பெற ஒருவரேனும் ஆறு வாரம் வசித்திருக்க வேண்டும். தாய்லாந்தில் இருவரும் இசைந்தால் வட்ட அலுவலகத்திலேயே மணவிலக்கைப் பதியலாம் என்றாலும், மேலே சொன்ன 1938ஆம் ஆண்டுச் சட்டம் அதையும் இணையரின் தேசியச் சட்டத்தோடு பிணைத்திருக்கிறது.

இது எவ்வளவு தூரம் போகும் என்பதைக் கனடா 2012இல் கண்டது. டொராண்டோவில் 2005இல் மணந்து, அமெரிக்காவிலும் இங்கிலாந்திலும் வாழ்ந்துவந்த இரு பெண்கள் மணவிலக்குக் கேட்டபோது, அவர்கள் ஓராண்டு கனடாவில் வசிக்கவில்லை என்பதோடு, அவர்களின் சொந்த நாடுகள் அப்போது ஏற்காததால் அந்தத் திருமணமே செல்லாது என்றும் அரசு வழக்கறிஞர்கள் வாதிட்டனர். கனடாவுக்கு வந்து மணந்து திரும்பிய ஆயிரக்கணக்கான இணையர் ஒரே நாளில் தங்கள் திருமணத்தைச் சந்தேகத்தோடு பார்க்க நேர்ந்தது. எதிர்ப்புக்குப் பின் 2013 ஜூனில் புதிய சட்டம் வந்தது. அங்கே நடந்த வெளிநாட்டவர் திருமணங்கள் செல்லும் என்று அது அறிவித்ததோடு, தாய்நாட்டில் விலக்குப் பெற இயலாதோர் மணந்த மாகாணத்தின் நீதிமன்றத்தையே அணுகலாம் என்றும் வகுத்தது. இங்கிலாந்தும் வேல்ஸும் தம் மண்ணில் மணந்த தன்பாலின இணையருக்கு, வேறு எந்த நீதிமன்றமும் இல்லாத நிலையில், நீதியின் நலன் கருதி வழக்கை ஏற்க இதேபோல் இடம் வைத்திருக்கின்றன. கனடாவின் 2013 சட்டம் திருமணத்தைக் கலைப்பதோடு நின்றுவிடுகிறது. சொத்துப் பங்கீட்டையும் குழந்தைகளின் பொறுப்பையும் இணையர் தாம் வாழும் நாட்டிலேயே, தங்களை இணையராக ஏற்காத அதே சட்டத்தின் கீழ், தீர்த்துக்கொள்ள வேண்டியிருக்கிறது.